நடுக்குவாதத்தை நாடறியச் செய்த வைத்தியர்

கை நடுங்குகிறது. உடல் முன்னால் சாய்கிறது. நடை ஓட்டமாக மாறுகிறது. இவை மூன்றும் ஒரே நோயின் அடையாளங்கள் என்று எடுத்துக் காட்டியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன்.

லண்டன் நகரத்து ஹாக்ஸ்டன் பேட்டையில் 1755-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி பிறந்தார். தந்தையும் வைத்தியர். அவரிடமே மகன் தொழில் பழகினார்.

சதி வழக்கு

ஏழைகளுக்குப் பரிந்து, அரசாங்கத்தைச் சாடி, புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1794-ல், மன்னர் மூன்றாம் ஜார்ஜைக் கொல்லச் சதி நடந்ததாகப் புகார் எழுந்தது. பார்க்கின்சனையும் அழைத்து விசாரித்தார்கள். நல்லவேளை, தண்டனை ஏதுமின்றித் திரும்பினார். பிறகு, பூமியில் கல்லாகிப்போன பழங்கால உயிர்களை ஆராய்ந்து மூன்று பாகங்களில் நூல் எழுதினார்.

ஆறு பேர்

நடுக்குவாதம் பற்றிய சிறு நூலை 1817-ல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 62. ஆறே பேரின் கதைதான் அதில் உண்டு. அவர்களில் மூவர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் அல்லர். வெளியே அவர் கண்ணில் பட்டவர்கள்!

நோய் வெகு மெல்ல நுழைவதால், அது எப்போது தொடங்கியது என்பது நோயாளிக்கே தெரிவதில்லை என்பதையும் கவனித்து எழுதினார்.

1824 டிசம்பர் 21-ந் தேதி காலமானார். பிற்காலத்தில் பிரெஞ்சு வைத்தியர் ஷார்கோ அந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார். பெயர் உலகெங்கும் பரவியது. ஆனால் அவருடைய உருவப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கண்ணில் ஒரு தடயம்

மூளையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதே நடுக்கத்துக்குக் காரணம். கை நடுங்கும் முன்பே பல செல்கள் மடிந்துவிடுகின்றன. டோபமைன் செல்கள் விழித்திரையிலும் உண்டு. எனவே, தொடக்கத்தைக் கண்ணில் தேடுகிறார்கள் விஞ்ஞானிகள்.

லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்தவர்கள் 2023-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நோய் வெளிப்படுவதற்குச் சராசரியாக ஏழு ஆண்டுகள் முன்பே விழித்திரையின் உள் அடுக்குகள் மெலிந்திருந்தனவாம். ஒருவரது கண்ணை மட்டும் பார்த்து நோயை உறுதி செய்துவிட இது போதாது. ஆனாலும் வழி திறந்திருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரி, பார்க்கின்சன் வாழ்ந்த ஹாக்ஸ்டன் சதுக்கத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில்தான் இருக்கிறது. நோயாளிக்கே தெரியாத அந்தத் தொடக்கத்தை அவருடைய பேட்டையின் பக்கத்திலேயே இன்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.