டாக்டர் கோங் பியோங்-ஊ

கொரிய மொழியின் ஹங்குல் எழுத்தில் முதல் மெய், உயிர், ஈற்று மெய் என்னும் மூன்று உறுப்புக்கள் கூடி ஓர் அசையாகும். இவ்வியல்பினை விசைப்பலகையிலும் காக்க முயன்ற டாக்டர் கோங் பியோங்-ஊ என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1906-இல் பிறந்த இவர், 1938-இல் சியோல் நகரிற் கண் மருத்துவமனை நிறுவினார். அங்குச் சிகிச்சை பெற வந்த மொழியறிஞர் ஈ குக்ரோ, தாய்மொழிப் பற்றினை இவருள்ளத்தில் விதைத்தார். அதன் பயனாக 1949-இல், உறுப்பு மூன்றிற்கும் தனித்தனி விசைகள் கொண்ட மூவரிசைத் தட்டெழுத்துப் பொறியை இயற்றினார்.

அரசாங்கமோ 1969-இல் நால்வரிசையையும், 1982-இல் கணிப்பொறிக்கு இருவரிசையையும் நியமமாக்கிற்று. இருவரிசையில் முதல் மெய்க்கும் ஈற்று மெய்க்கும் விசை ஒன்றே; ஆதலின் அடுத்த விசை விழுமளவும் மெய் எவ்வசைக்குரியது என்பது துணியப்படாது.

டாக்டர் சோர்ந்திலர். 1988-இல் ஹங்குல் பண்பாட்டு நிலையம் நிறுவி, கணிப்பொறி நிரல் இயற்றும் இளைஞர்க்கு இடமளித்தார். 1995-இல் அவர் மறைந்தபின், அவர் விருப்பப்படியே கண்களும் உடலும் மருத்துவத்திற்கு ஈயப்பட்டன.

இன்றும் இருவரிசையே பெருவழக்கு. எனினும் விரும்புவோர் தெரிந்துகொள்ள, கணிப்பொறியில் அதனருகே மூவரிசையும் உளது. பலர் ஏலாமையால் ஒன்று பிழையாகிவிடாது என்பதை அவர் வாழ்விலிருந்து நாம் கற்போமாக.