காற்றின் ஈரத்தை அடக்கியவர்: வில்லிஸ் கேரியர்

சென்ற மழைக்காலத்தில் எமது வீட்டில் ஒரு சிக்கல் தோன்றியது. இரவில் வெக்கை தாங்காமல் காற்றுச்சீராக்கியை 18 பாகையில் வைத்துவிட்டு உறங்குவோம். விடிந்ததும் நல்ல காற்று வரட்டும் என்று உம்மா யன்னல்களைத் திறந்து விடுவார். சில வாரங்களில் அலுமாரியின் பின்புறம் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. புத்தகங்களின் ஓரங்களிலும் அது ஏறியது. உம்மும்மாவுக்கு இருமலும் இழுப்பும் கூடின. மாத முடிவில் வந்த மின் பட்டியலைப் பார்த்த வாப்பா ஒன்றும் பேசாமல் அதை மடித்து வைத்தார்.

பணமும் செலவாகிறது, ஈரமும் போகவில்லை. காரணம் என்ன? விடை தேடிப் போனபோதுதான், காற்றுச்சீராக்கியை உலகுக்குத் தந்த மனிதரின் வாழ்க்கையை நான் அறிந்தேன். அந்த இயந்திரம் மனிதரைக் குளிர்விப்பதற்காகப் பிறந்ததன்று. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதற்காகவே பிறந்தது. இதுவே அவரிடமிருந்து நான் கற்ற முதற் பாடம்.

வில்லிஸ் ஹவிலன்ட் கேரியர் 1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள அங்கோலா என்ற சிற்றூரில், ஈரி ஏரிக்கு அண்மையில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. தாயார் எலிசபெத் கைத்திறன் மிக்கவர். வீட்டுக் கடிகாரங்களையும் தையல் இயந்திரத்தையும் தாமே பழுதுபார்ப்பார்.

சிறுவனான வில்லிஸுக்குப் பின்னக் கணக்கு விளங்கவில்லை. தாயார் கோபிக்கவில்லை, பிரம்பையும் எடுக்கவில்லை. நிலவறையிலிருந்து ஒரு பாத்திரம் நிறைய அப்பிள் பழங்களைக் கொண்டுவரச் சொன்னார். அவற்றை இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் வெட்டச் செய்து, துண்டுகளைக் கூட்டியும் கழித்தும் காட்டினார். கணக்கு விளங்கிவிட்டது. எந்தப் பெரிய சிக்கலையும் சிறு துண்டுகளாக வெட்டிப் பார்த்தால் தீர்க்கலாம் என்ற பழக்கம் அன்றைக்கே தம்மிடம் வந்ததாக அவர் முதுமையிலும் நினைவுகூர்வதுண்டு. வில்லிஸுக்குப் பதினொரு வயதானபோது அந்தத் தாய் காலமானார். ஆயினும் அவர் கொடுத்த அந்த ஒரு பாடம் மகனுடைய ஆயுள் முழுவதும் கூடவே வந்தது.

குடும்பத்தில் பணவசதி இருக்கவில்லை. பாடசாலைக் கல்வியை முடித்த பின் உயர்கல்விக்காகச் சில ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அக்காலத்தில் அவர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பின்பு புலமைப்பரிசில் பெற்று, 1897இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பரிசிற் பணம் உணவுக்கும் உறைவிடத்துக்கும் போதாது. வீடுகளில் புல் வெட்டினார். குளிர்காலத்தில் சூளைகளுக்கு நிலக்கரி போட்டார். இன்னொரு மாணவருடன் சேர்ந்து, சக மாணவரின் உடுப்புகளைச் சலவைக்குச் சேர்க்கும் முகவராகவும் உழைத்தார். 1901இல் பொறியியற் பட்டத்துடன் வெளியேறினார்.

அதே ஆண்டு பஃபலோ நகரிலுள்ள பஃபலோ ஃபோர்ஜ் கம்பனியில் வாரம் பத்து டொலர் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. கட்டடங்களைச் சூடாக்கும் கருவிகள், மரத்தையும் கோப்பியையும் உலர்த்தும் கருவிகள் ஆகியவற்றை வடிவமைப்பது அவர் பணி. அக்காலப் பொறியியலாளர்கள் பெரும்பாலும் அனுபவத்தைக் கொண்டு ஊகித்தே அளவுகளைத் தீர்மானித்தனர். கேரியருக்கு அது பிடிக்கவில்லை. அளந்து பார்க்காத எதையும் அவர் நம்பவில்லை.

1902ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு விசித்திரமான முறைப்பாடு அவரது மேசைக்கு வந்தது. நியூயோர்க் புரூக்ளினில் இருந்த சக்கெட் வில்ஹெல்ம்ஸ் அச்சகத்தார் வண்ணப் படங்கள் அச்சிடுபவர்கள். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே, ஒன்றன்மேல் ஒன்றாகக் கடதாசியில் பதிப்பார்கள். புழுக்கமான நாட்களில் கடதாசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சற்றே விரியும். உலர்ந்த நாளில் சுருங்கும். முதல் நிறம் பதித்தபோது இருந்த அளவு இரண்டாம் நிறம் பதிக்கும்போது இராது. நிறங்கள் விலகி விழும், படம் கெடும், கடதாசியும் மையும் நாட்களும் வீணாகும். காற்றின் ஈரத்தை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வைத்துத் தர முடியுமா என்பதே அவர்களுடைய கேள்வி.

வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் அன்று வழி இருந்தது. ஈரத்தை அளவோடு நிறுத்த வழி இருக்கவில்லை. இருபத்தைந்து வயது இளைஞரான கேரியர், தாயார் அப்பிளை வெட்டியதுபோல் சிக்கலைத் துண்டாக்கினார். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது? எவ்வளவு இருக்க வேண்டும்? மிஞ்சியதை எப்படி வெளியே எடுப்பது?

முதலில், உப்பைப்போல் ஈரத்தை இழுக்கும் கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் தோய்த்த சாக்குத்துணியினூடாகக் காற்றைச் செலுத்திப் பார்த்தார். காற்று உலர்ந்தது, ஆனால் உப்பும் கூடவே வந்து இரும்பை அரிக்கும் என்று கண்டு அதைக் கைவிட்டார். அடுத்து, சூடாக்கப் பயன்படும் குழாய்ச்சுருள்களுக்குள் நீராவிக்குப் பதிலாகக் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, அவற்றின்மேல் காற்றைச் செலுத்தினார். குளிர்ந்த சர்பத் ஊற்றிய கிளாஸின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். கிளாஸிலிருந்து நீர் கசிவதில்லை. காற்றிலுள்ள நீராவியே குளிர்ந்த பரப்பில் துளியாகிறது. அதேபோல் குழாய்ச்சுருள்கள் வியர்த்தன. காற்று தன் ஈரத்தை அங்கே விட்டுவிட்டு உலர்ந்து வெளியேறியது.

அந்த ஒழுங்கின் வரைபடங்கள் 1902 ஜூலை 17ஆம் திகதியிடப்பட்டவை. நவீன காற்றுச்சீராக்கியின் பிறந்தநாளாக அந்நாளே கொள்ளப்படுகிறது. கிணற்று நீரும் அமோனியாக் குளிர்விப்பு இயந்திரமும் சேர்ந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 49,000 கிலோகிராம் பனிக்கட்டி உருகுவதற்குச் சமமான குளிர்ச்சியைத் தர வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். அச்சகத்துக்கு அவர் குறித்த இலக்கைக் கவனியுங்கள்: ஆண்டு முழுவதும் சாரீரப்பதன் 55 வீதம், கோடையில் வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ். உலகின் முதற் காற்றுச்சீராக்கி 18 பாகைக்காக அமைக்கப்பட்டதல்ல!

அவ்வாண்டின் பின்பகுதியில் ஒரு மாலை. பிட்ஸ்பேர்க் நகரப் புகையிரத நிலைய மேடையில் வண்டிக்காகக் காத்திருந்தார் கேரியர். எங்கும் மூடுபனி. மற்றப் பயணிகள் அதைக் கண்டு சலித்திருப்பார்கள். அவருடைய சிந்தனையோ அதற்குள் புகுந்தது. இந்தக் காற்று தன்னால் தாங்கக்கூடிய முழு ஈரத்தையும் ஏந்தி நிற்கிறது. ஆயினும் குளிர்ந்த காற்றாகையால் அந்த முழு அளவே சிறியதுதான். அப்படியானால், விரும்பிய வெப்பநிலையில் ஒரு செயற்கை மூடுபனியை உண்டாக்கி, அதனூடாகக் காற்றைச் செலுத்தினால், வெளிவரும் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்பதை நாமே தீர்மானிக்கலாம் அல்லவா? பின்பு அதைச் சற்றே சூடாக்கினால் உலர்ந்த காற்று கிடைத்துவிடும்.

குளிர்ந்த நீரைத் தூவிக் காற்றை உலர்த்துவதா என்று கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் கருவி வேலை செய்தது. 1906 ஜனவரியில் அதற்குக் காப்புரிமம் கிடைத்தது. காற்றிலுள்ள நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையே பனிபடுநிலை. ஈரத்தை ஆளும் திறவுகோல் அதுதான் என்பதை அவர் உறுதியாகப் பிடித்துக்கொண்டார். பல ஆண்டுகள் அளந்தும் கணக்கிட்டும் தாம் கண்ட சூத்திரங்களை 1911இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார். வெப்பம், ஈரம், பனிபடுநிலை ஆகியவற்றின் தொடர்பைக் காட்டும் அவருடைய வரைபு வழியிலேயே இன்றும் பொறியியல் மாணவர்கள் கற்கின்றனர்.

நூல் அறுந்துபோகும் நூற்பாலைகள், மருந்துக் குளிகைகள் செய்வோர், படச்சுருள் தயாரிப்போர் எனப் பலர் அவரை நாடினர். 1907இல் ஜப்பானின் யொக்கொஹாமா நகரப் பட்டாலை ஒன்றுக்கும் கருவி சென்றது. ஆனால் முதலாம் உலகப் போர் மூண்ட வேளையில், பஃபலோ ஃபோர்ஜ் கம்பனி இந்தப் பிரிவைக் கைவிட முடிவுசெய்தது. கேரியரும் நண்பர்கள் அறுவரும் தம் சேமிப்பையும் கடனையும் சேர்த்து, 32,600 டொலர் முதலுடன் 1915இல் சொந்தக் கம்பனியை ஆரம்பித்தனர்.

மனிதருக்கான குளிர்ச்சி அதன் பின்னரே வந்தது. அமோனியா நச்சுத்தன்மை உடையது. மக்கள் கூடும் இடத்தில் அதைப் பயன்படுத்துவது ஆபத்து. 1922இல் கேரியர் பாதுகாப்பான, இடமும் குறைவாகப் பிடிக்கும் புதிய குளிர்விப்பு இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். 1925 மே மாத இறுதியில் நியூயோர்க்கின் ரிவோலி திரையரங்கில் அது இயங்கத் தொடங்கியது. அன்று கூட்டம் நிரம்பி வழிந்தது. மண்டபம் குளிர்வதற்கு நேரம் எடுத்தது. பார்வையாளர்கள் வழக்கம்போல் கைவிசிறிகளை வீசிக்கொண்டிருந்தனர். கேரியர் பின்னால் நின்று பதற்றத்துடன் பார்த்தார். மெல்ல மெல்ல ஒவ்வொரு விசிறியாக மடியில் இறங்கியது. படத்தைப் பார்ப்பதைவிட அந்த விசிறிகளைப் பார்த்தே அவர் நிம்மதியடைந்தார்.

1928இல் வீடுகளுக்கான கருவியையும் அவரது கம்பனி வெளியிட்டது. ஆனால் அடுத்த ஆண்டே பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. வாங்குவாரில்லை, கம்பனியே தள்ளாடியது. வீடுதோறும் காற்றுச்சீராக்கி வரும் என்ற அவருடைய நம்பிக்கை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே நிறைவேறத் தொடங்கியது. அது பரவியதை முழுமையாகக் காணும் முன், 1950 ஒக்டோபர் 7ஆம் திகதி, தமது எழுபத்து மூன்றாவது வயதில் அவர் மறைந்தார்.

இப்போது எமது வீட்டுக் கேள்விக்குத் திரும்புகிறேன். கேரியரின் கணக்கு வழியே பார்த்தால், வெளிக் காற்று 28 பாகையிலும் சாரீரப்பதன் 80 வீதத்திலும் இருக்கும்போது பனிபடுநிலை ஏறத்தாழ 24 பாகை. இரவெல்லாம் 18 பாகையில் கிடந்த அறையில் சுவரும் அலுமாரியும் அதைவிட மிகக் குளிர்ந்திருக்கும். விடியற்காலையில் யன்னலைத் திறந்ததும் ஈரக்காற்று உள்ளே வந்து அவற்றின்மேல் வியர்த்தது. சர்பத் கிளாஸுக்கு நேர்ந்ததே எங்கள் அலுமாரிக்கும் நேர்ந்தது. பூஞ்சணத்துக்கு நீர் ஊற்றி வளர்த்தவர்கள் நாங்களே!

இப்போது 26 பாகையில் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுகிறோம். பரப்புகள் பனிபடுநிலைக்கு மேலே இருப்பதால் வியர்ப்பதில்லை. இயந்திரத்தின் உழைப்பும் குறைகிறது. வெக்கை இல்லாத மழை இரவுகளில், தொலைக்கட்டுப்படுத்தியில் நீர்த்துளி அடையாளமிட்ட உலர்த்தும் முறையைப் போடுகிறோம். காலையில் இயந்திரத்தை நிறுத்திச் சற்று நேரம் அறை சூடேறிய பின்பே யன்னலைத் திறக்கிறோம். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஈர உடுப்புகளை அறைக்குள் காயப்போடுவதை உம்மா நிறுத்திவிட்டார். அவற்றிலுள்ள நீர் முழுவதையும் இயந்திரமே மீண்டும் வெளியேற்ற வேண்டியிருந்தது. சமையலறையிலும் குளியலறையிலும் நீராவியை வெளியே தள்ளும் விசிறியை ஓடவிட்டு, உள்கதவை மூடுகிறோம். தூசு வடியைக் கழுவுவதும், நீர் வடியும் குழாய் அடைபடாமல் பார்ப்பதும் தம்பியின் பொறுப்பு. வாப்பா ஒரு சிறிய ஈரமானி வாங்கி வந்தார். அது 60 வீதத்தைத் தாண்டினால் நாங்கள் காரணத்தைத் தேடுகிறோம்.

புதிதாக வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறைக்கு மிஞ்சிய பெரிய இயந்திரம் விரைவில் குளிரூட்டிவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் போதாது. அறை குளிர்ந்தும் பிசுபிசுத்தும் இருக்கும். அளவான இயந்திரமே நல்லது.

பூஞ்சணம் மறுபடி வரவில்லை. உம்மும்மா இரவில் நிம்மதியாக உறங்குகிறார். அடுத்த மின் பட்டியலை வாப்பா மடிக்காமல் மேசையிலேயே வைத்தார்.

கேரியர் பெரும் செல்வத்தோடு பிறந்தவரல்லர். ஒரு தாய் சமையல் வேலைக்கிடையே அப்பிளை வெட்டிக் காட்டியதிலிருந்து அவருடைய அறிவியல் தொடங்கியது. குளிர்ச்சியைக் கூட்டுவதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது அவர் வழி. நம் வீடுகளிலும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. ஒரு சர்பத் கிளாஸைக் கவனித்துப் பார்த்தாலே போதும்.