அரசு சம்பளமும் மொழி உரிமையும்: தனிநாயக அடிகளார் காட்டிய வழி

புக்கிட் மெர்தாஜாம்: தேர்தல் வந்துவிட்டால் நம் வட்டாரத்துப் படித்த பிள்ளைகள் சிலருக்கு ஒரு தயக்கம் வரும். பெர்மாத்தாங் பாவில் உள்ள யுஐடிஎம் வளாகத்திலும் செபராங் பிறை போலிடெக்னிக்கிலும் நிபோங் திபால் யுஎஸ்எம் பொறியியல் வளாகத்திலும் வேலை செய்பவர்கள் அவர்கள். அரசாங்கப் பணத்தில் நடக்கும் உயர்கல்விக்கூடத்தில் சம்பளம் வாங்குகிறவர் அரசியலில் எதுவரை போகலாம் என்பதே அவர்களின் கேள்வி.

இந்தக் கேள்வியோடு வாழ்ந்து காட்டியவர் தவத்திரு சேவியர் தனிநாயக அடிகளார். உலகத் தமிழ் மாநாட்டைத் தொடங்கி வைத்தவர் என்று அவரை நமக்குத் தெரியும். அவர் இரு நாடுகளில் பொதுப் பணத்தில் நடந்த பல்கலைக்கழகங்களில் ஆசிரியராக இருந்தவர் என்பதைப் பலர் மறந்துவிட்டோம்.

1913 ஆகஸ்ட் 2-ஆம் தேதி யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தார். ரோமில் இறையியல் படித்துக் கத்தோலிக்கக் குருவானார். தமிழ்நாட்டில் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை ஆழ்ந்து கற்கும் ஆசை வந்தது. முப்பது வயதைத் தாண்டிய பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து சங்க இலக்கியத்தை ஆராய்ந்தார்.

1952-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். அதே ஆண்டில் 'டமில் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழின் பெருமையை வெளிநாட்டு அறிஞர்கள் படித்தறிய அந்த இதழ் வழி செய்தது.

1956-இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. அரசு பல்கலைக்கழகத்தில் வேலை, எதிரே அரசு கொண்டுவந்த சட்டம். வாய் திறக்காமல் இருந்திருந்தால் அடிகளாருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அவர் தமிழரின் மொழி உரிமையைப் பற்றி எழுதினார், கூட்டங்களில் பேசினார். ஜூன் 5-ஆம் தேதி கொழும்பு காலிமுகத்திடலில் நடந்த சத்தியாக்கிரகத்திலும் கலந்துகொண்டார். 1961-இல் மறுபடியும் சத்தியாக்கிரகம் நடந்தபோது அதிலும் பங்கெடுத்தார். அதன்பின் போலீஸ் அவரை விசாரித்தது.

இரண்டு சத்தியாக்கிரகங்களையும் நடத்தியது தமிழரசுக் கட்சி என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அரசு சம்பளம் வாங்குபவர் ஒரு கட்சி நடத்தும் போராட்டத்தில் உட்காரலாமா என்று கேட்பவர் கேட்கலாம். அடிகளார் பக்கத்தில் நின்று பார்த்தால், தம் இனத்தின் மொழியே பறிபோகும்போது அதைக் கட்சி விவகாரம் என்று ஒதுக்க முடியாது. ஆனாலும் அவர் தேர்தலில் நிற்கவில்லை, பதவி கேட்கவில்லை. வந்த விளைவைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

அந்த 1961-ஆம் ஆண்டிலேயே மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். அந்தத் துறையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 1950-களில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிமார் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். அரசாங்கப் பணத்தோடு தோட்டத்து வெள்ளியும் சேர்ந்து வளர்ந்த துறை அது. அப்படிப்பட்ட துறை எந்தக் கட்சிக்கும் சொந்தமாக இருக்க முடியாது.

இங்கே அடிகளார் நடந்துகொண்ட விதம் வேறு. 1964 ஜனவரியில் டில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்நின்றார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதைத் தொடக்கி வைத்தார். காங்கிரஸ் கட்சியைச் சேர்ந்த மெட்ராஸ் முதலமைச்சர் பக்தவத்சலமும் வந்திருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தால் தமிழ்நாடு கொந்தளித்திருந்தது.

1967-இல் அங்கே ஆட்சி மாறியது. 1968 ஜனவரியில் இரண்டாம் மாநாடு சென்னையில் நடந்தபோது முதலமைச்சர் அண்ணாதுரை. ஒருவரையொருவர் தேர்தலில் எதிர்த்த இரு தலைவர்களும் அடுத்தடுத்த மாநாடுகளுக்கு ஆதரவாக நின்றார்கள். மன்றம் ஒரு கட்சியின் கொடியைப் பிடித்திருந்தால் இது நடந்திருக்காது.

1969-இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தை விட்டுச் சென்றார். 1971-இல் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் இங்கு வந்தது. 1974 டிசம்பரில் அதே பல்கலைக்கழகத்தின் சைட் ஹுசின் அலி, பாலிங் விவசாயிகள் போராட்டத்தை அடுத்து இசா சட்டத்தில் கைதாகி 1980 வரை தடுப்புக் காவலில் இருந்தார். அடிகளார் 1980 செப்டம்பர் 1-ஆம் தேதி காலமானார்.

இன்று போலிடெக்னிக் ஊழியர்களுக்கு 1993-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளும், அரசு பல்கலைக்கழக ஊழியர்களுக்கு 2000-ஆம் ஆண்டின் சட்டப்பூர்வ அமைப்புகள் ஒழுங்குச் சட்டமும் உண்டு. விரிவுரையாளர் போன்ற உயர்நிலை அதிகாரிகள் கட்சிக்காகப் பிரச்சாரம் செய்வதையும் வேட்பாளராக நிற்பதையும் அவை கட்டுப்படுத்துகின்றன. வேலையில் இருப்பவர்கள் இவற்றை ஒருமுறையாவது படித்துத் தெரிந்துகொள்வது நல்லது. விதி தெரியாமல் மாட்டிக்கொள்பவரும் உண்டு, விதி தடுக்காததற்கும் பயந்து ஒதுங்குபவரும் உண்டு.

ஓட்டுப் போடுவது, தமிழ்ப்பள்ளிக்கு உதவுவது, ஆய்வில் கண்ட உண்மையை எழுதுவது ஆகியவை கட்சி வேலை அல்ல. வகுப்பறையையும் பதவியையும் ஒரு கட்சிக்கு அடகு வைக்காமல் இருப்பதே நடுநிலை. தன் மக்களின் நியாயத்தைப் பேசாமல் இருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அடிகளாரின் வாழ்க்கையிலிருந்து நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.