ஓய்வறியா அடிகளாரின் தியான நேரம்

இலங்கையின் அப்போஸ்தலர் என்று நாம் போற்றும் புனித யோசேப் வாஸ் அடிகளார் 1651 ஏப்ரல் 21 இல் கோவாவின் பெனோலிம் கிராமத்தில் பிறந்தார். 1676 இல் குருவானவராக அபிஷேகம் பெற்றார். புனித பிலிப் நேரியாரின் வழியில் வாழ விரும்பிய குருக்கள் சிலர் கோவாவில் அமைத்திருந்த ஒறற்றோரியன் குழுமத்தில் 1685 இல் இணைந்தார். செபமும் தியானமும் அக்குழுமத்தின் ஒழுங்குகள். ஆண்டுதோறும் சில நாட்களை ஆன்மிகப் பயிற்சிக்கென ஒதுக்குவதும் அவற்றுள் ஒன்று. பின்னாளில் காட்டிலும் சிறையிலும் நோயாளர் நடுவிலும் அவரைத் தாங்கியது இந்த ஒழுங்குதான்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் மேய்ப்பர் இல்லாத மந்தையாய் இருந்தனர். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்தனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. இந்தச் செய்தி கோவாவில் இருந்த அடிகளாரின் நெஞ்சை வருத்தியது. 1687 இல், யோவான் என்ற இளைஞனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் கடல் கடந்து வந்தார். மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் வரை நடந்தார். வந்த வேகத்திலேயே கடும் வயிற்றுளைவு கண்டு உயிருக்குப் போராடினார். ஓரளவு தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டார் முகம் மாறுகிறது என்று பார்த்து, தம் மக்களை இனங்கண்டார். குருவானவர் எவருமின்றிக் கழிந்த 29 ஆண்டுகளிலும் விசுவாசம் வீடுகளுக்குள் அணையாமல் இருந்தது.

பின்னர் சில்லாலையைத் தளமாகக் கொண்டு மறைவாகப் பணிபுரிந்தார். பகலில் மக்களுக்கு வயலும் தோட்டமும் கடலும் இருந்தன. அடிகளாருக்கோ பகல் ஆபத்தாக இருந்தது. ஆகவே இரவே ஆலய நேரமாயிற்று. நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள் நித்திரையை விட்டெழுந்து, இருளில் நடந்து வந்து பாவசங்கீர்த்தனம் செய்து, திருப்பலியில் பங்குபற்றி, விடியுமுன் வீடு திரும்பினர். 1689 இல் கிறிஸ்து பிறப்பு இரவன்று கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்துப் பலரைப் பிடித்துச் சென்றனர். ஒரு திருப்பலிக்காக அந்த மக்கள் எதையெல்லாம் பணயம் வைத்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. தாம் இல்லாத நாட்களிலும் செபம் தொடரவேண்டும் என்பதற்காக அடிகளார் ஊர்கள்தோறும் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் ஏற்படுத்தினார்.

1692 இல் கண்டி இராச்சியத்துக்குச் சென்றவரைப் போர்த்துக்கேய ஒற்றர் எனச் சந்தேகித்துச் சிறையிட்டனர். அங்கே சிங்கள மொழியைக் கற்றார். சிறு குடில் அமைத்து வழிபட்டார். வெளியே ஆயிரம் வேலைகள் காத்திருக்க, அடைபட்ட அந்தக் காலத்தையும் அவர் வீணாக்கவில்லை.

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டு நீங்கினர். உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அடிகளாரும் அவருடைய மருமகனான கார்வாலோ அடிகளாரும் நோயாளரைத் தேடிச் சென்று உணவூட்டினர், புண்களைத் துடைத்தனர், இறந்தவர்களைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். பெரியம்மைக்கான தடுப்பூசி வருவதற்கு 99 ஆண்டுகள் முந்திய காலம் அது. நோயாளர் அருகில் நிற்பதையே தொழிலாகக் கொண்ட நாம் இந்தப் பகுதியை வாசிக்கும்போது, அவருடைய துணிவைவிட அவருடைய நிதானத்தையே அதிகம் வியக்கிறோம். நாட்கணக்காகக் கொடுத்துக்கொண்டே இருப்பவர் ஒருநாள் வெறுமையாவார், இரக்கம் வற்றும், சொல் கடுக்கும். தொடர்ந்து இரவுக் கடமை செய்த எவருக்கும் இது தெரியும். அடிகளார் வற்றவில்லை. ஊற்றுக்குப் போகும் வழக்கத்தை அவர் விடாதிருந்ததே அதற்குக் காரணம் என்று நாம் நம்புகிறோம்.

நம் கல்லூரியின் பிள்ளைகள் இன்று உலகெங்கும் இருக்கிறோம். பிள்ளைகளின் படிப்பு, முதியவர்களின் மருந்து, வேலை, சமையல் எல்லாம் நம் தலையில். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு இறுதியில் அடிச்சட்டியைச் சுரண்டுவது நம் பெண்களின் பழக்கம். ஆன்மாவுக்கும் அதே கதிதான். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத இரவுகளில், ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து வீட்டோடு செபமாலை சொன்னவர்கள் நாம். இடம்பெயர்ந்த இடங்களிலும் அதை விடவில்லை. வெளிச்சம் வந்த பிறகு அந்த அரைமணி நேரம் எங்கே போயிற்று?

ஆண்டுக்கொரு முறை குறிகட்டுவான் இறங்குதுறையில் வரிசையில் நின்று, கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் படகேறுவோர் நம்மிடையே உண்டு. அது நல்ல வழக்கம். ஆனால் அதே துறையில் நாள்தோறும் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வேலைக்குப் போகும் ஆசிரியைகளும் தாதியரும் படகுக்காகக் காத்திருக்கிறார்கள். வாணர் தாம்போதியைக் கடக்கும் பஸ் பயணம், துறையில் காத்திருக்கும் வேளை, படகில் போகும் நேரம் ஆகியவற்றில் ஒரு நற்செய்திப் பகுதிக்கும் ஒரு பத்து மணிச் செபத்துக்கும் இடமுண்டு. ரொறன்ரோவில் ரயிலில் போகிறவருக்கும் லண்டனில் பஸ்ஸில் போகிறவருக்கும் அத்தகைய துறை ஒன்று இருக்கிறது.

அடிகளார் 24 ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்தார். கோவாவுக்குத் திரும்பவே இல்லை. ஆயராகும் வாய்ப்பையும் மறுத்தார். 1710 இல் மற்றுமொரு நீண்ட பயணத்தை முடித்து நலிந்த உடலோடு கண்டிக்கு வந்தவரைக் காய்ச்சல் வாட்டியது. படுத்து ஓய்வெடுக்க எல்லா நியாயமும் இருந்தது. ஆயினும் சபை ஒழுங்கின்படி வருடாந்தத் தியானத்தைத் தொடங்கினார். எட்டாம் நாள் வருமுன்னே, 1711 ஜனவரி 16 நள்ளிரவில், 59 ஆம் வயதில் ஆண்டவரடி சேர்ந்தார். 1995 இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். 2015 ஜனவரி 14 இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வேலை முடிந்த பின்பு செபிக்கலாம் என்று அவர் காத்திருந்திருந்தால் அந்த நாள் வந்திருக்கவே மாட்டாது. நமக்கும் வராது. ஆகவே, வேலை குவிந்து கிடக்கும் இன்றே, ஒரு சிறு பொழுதை முதலில் எடுத்து வைப்போம்.