நாவடங்கிய நாவலர்: இமாம் கஸ்ஸாலியின் வாழ்வும் நன்றியறிதலும்

நோன்பின் கடமையைக் கூறும் திருக்குர்ஆன் வசனங்களை ஊன்றிப் படிப்போர் அவற்றின் அமைப்பிலே ஓர் ஒழுங்கினைக் காண்பர். மனிதர்க்கு நேர்வழி காட்டும் மறை இறங்கிய திங்கள் றமழான் என்னும் செய்தி முதலிலே வருகின்றது. நோயாளிக்கும் வழிப்பயணிக்கும் உரிய சலுகை அடுத்து வருகின்றது. இறுதியிலே நன்றியறிதலைச் சுட்டி அவ்வசனம் நிறைவெய்துகின்றது. நேர்வழியிலே தொடங்கி நன்றியிலே முடிகின்ற இப்பாதை கூறுதற்கு எளிது, நடத்தற்கு அரிது. தம் புகழையும் பதவியையும் விலையாகக் கொடுத்து அதனை நடந்து காட்டியவர் இமாம் அபூ ஹாமித் முஹம்மத் அல் கஸ்ஸாலி. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இலங்கை முஸ்லிம்களுக்கு அப்பெயர் புதிதன்று. ஆயினும் பெயரை அறிந்த அளவுக்கு அவர் பட்ட பாட்டினை நாம் அறிந்தோமா என்பது ஐயமே.

உணவு தேடிச் சென்ற சிறுவன்

குறாஸான் மாநிலத்துத் தூஸ் நகரம் இன்றைய ஈரானின் மஷ்ஹத் நகருக்கு அண்மையிலே அமைந்திருந்தது. அங்கே கி.பி. 1058ஆம் ஆண்டில், ஹிஜ்ரி 450இல், இமாம் பிறந்தார். தந்தையார் கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என வரலாற்றாசிரியர் கூறுவர். அறிஞர்களின் அவைகளை நாடிச் சென்று கேட்டு மகிழ்வதே அவருக்கு வாய்த்த கல்வி. தாம் பெறாத எழுத்தறிவைத் தம் மக்களாவது பெற வேண்டும் என்னும் ஏக்கத்தோடு, இறக்குந் தறுவாயில் முஹம்மத், அஹ்மத் என்னும் இரு சிறுவரையும், சேர்த்து வைத்திருந்த சிறு பொருளையும் ஸூபி நண்பர் ஒருவரிடம் அவர் ஒப்படைத்தார். அப்பொருள் விரைவிலே தீர்ந்தது. நண்பரும் வறியவர். மாணவர்க்கு உணவளிக்கும் மதறஸாவிலே சேர்ந்துகொள்ளுமாறு கூறுவதன்றி அவரால் வேறொன்றும் இயலவில்லை.

இவ்வாறு வயிற்றுக்காகவே கல்விச்சாலையின் வாயிலை மிதித்த செய்தியைப் பிற்காலத்தில் இமாம் மறைத்தாரல்லர். இறைவனுக்காகத் தேடப்படாத கல்வி, தேடியவனை ஈற்றில் இறைவனிடமே இழுத்துச் சென்றது என்பது அவர் தம் வாழ்விற் கண்ட உண்மை.

இளமையிலே ஜுர்ஜான் நகரிற் கற்று மீளும் வழியில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகின்றது. கள்வர் அவருடைய உடைமைகள் யாவற்றையும் பறித்தனர். ஏனையவற்றை விடுத்துப் பாடக் குறிப்புகளை மட்டும் தந்துவிடுமாறு அவர் கள்வர் தலைவனிடம் மன்றாடினார். ஒரு பையைப் பறித்தவுடன் பறிபோய்விடும் அறிவு எத்தகைய அறிவு என்று அவன் எள்ளி நகைத்துப் பையைத் திருப்பிக் கொடுத்தான். கள்வன் வாயிலாக வந்த அந்தப் பாடத்தை இமாம் புறக்கணிக்கவில்லை. தூஸுக்கு மீண்டு, மூன்று ஆண்டுகள் செலவிட்டு அக்குறிப்புகள் அனைத்தையும் நெஞ்சிலே பதித்துக்கொண்டார்.

பக்தாதின் உச்சி

அடுத்து நைஸாபூரிலே, இமாமுல் ஹறமைன் எனச் சிறப்புப் பெயர் பெற்ற அல் ஜுவைனியிடம் மார்க்கச் சட்டமும் இறையியலும் தருக்கமும் பயின்றார். 1085இல் ஆசிரியர் மறைந்ததும், ஸல்ஜூக்கியப் பேரரசின் முதலமைச்சர் நிஸாமுல் முல்க்கின் அவையை அடைந்தார். அறிஞர் பலர் குழுமிய அவ்விடத்தில் வாதப்போரிலே அவரை வெல்வார் இலர். 1091ஆம் ஆண்டில், முப்பத்து மூன்று வயதளவில், பக்தாதின் நிஸாமிய்யாக் கலாசாலையின் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. முந்நூறு மாணவர் அவர்முன் அமர்ந்தனர். கலீபாவின் மாளிகையிலும் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது.

ஆயினும் அவ்வுச்சி எத்துணை நிலையற்றது என்பது விரைவிலே புலப்பட்டது. ஹிஜ்ரி 485ஆம் ஆண்டு றமழான் திங்களில், அதாவது 1092 ஒக்டோபரில், இஸ்பஹானிலிருந்து பக்தாதை நோக்கிப் பயணஞ் செய்த நிஸாமுல் முல்க் கொலையாளி ஒருவனின் கத்திக்கு இரையானார். அடுத்த மாதமே மன்னர் மலிக் ஷாஹ்வும் இறந்தார். பேரரசு வாரிசுப் போட்டியிலே சிதறலாயிற்று. இமாமோ பகலிலே மாணவர்க்குக் கற்பித்து, எஞ்சிய வேளையிலே கிரேக்கர் வழிவந்த தத்துவ நூல்களைத் தாமாகவே கற்றுக்கொண்டிருந்தார். அதன் பயனாக, தத்துவவாதிகளின் முரண்பாடுகளை எடுத்துக்காட்டும் தஹாபுத்துல் பலாஸிபா என்னும் நூல் 1095இன் தொடக்கத்தில் நிறைவுற்றது.

நா அடங்கியது

பிறருடைய வாதங்களைப் பிளந்து காட்டிய அவ்வறிவு ஈற்றிலே தன்னையே விசாரணைக்கு உட்படுத்தியது. தாம் கற்பிப்பது எதற்காக? இறைவனுக்காகவா, புகழுக்காகவா? இவ்வினாவுக்கு அவர் கண்ட விடை அவரையே நடுங்கச் செய்தது. பதவியைத் துறந்து செல்லுமாறு உள்ளத்தின் ஒரு பாதி ஏவியது, மறுபாதி தடுத்தது. ஏறத்தாழ ஆறு மாதங்கள் இப்போராட்டம் நீடித்தது. 1095ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ஒருநாள், பாடஞ் சொல்ல முயன்ற அவர் நாவிலிருந்து ஒரு சொல்லும் எழவில்லை. துயரம் உடலையும் தாக்கியது. உணவு தொண்டையில் இறங்கவில்லை. உள்ளத்தின் நோய் உடலிற் பரவியது என்று கண்ட மருத்துவர் தம்மால் ஆவது ஒன்றுமில்லை எனக் கைவிட்டனர்.

அவ்வாண்டு நவம்பரில் இமாம் பக்தாதை விட்டு வெளியேறினார். மக்காவுக்குச் செல்வதாக அறிவித்தார். உள்ளத்திலே கொண்டதோ ஷாம் நாட்டுப் பயணம். குடும்பத்தின் தேவைக்குரியதை ஒதுக்கி, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்தார். நிஸாமிய்யாவில் அவர் இடத்திலே தம்பி அஹ்மத் அமர்ந்து கற்பித்தார்.

திமிஷ்கு நகரில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தனிமையிலும் வணக்கத்திலும் கழிந்தன. உமையாப் பள்ளிவாசலின் மனாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுவதும் இருப்பது அவர் வழக்கம். பைத்துல் முகத்தஸுக்கும் சென்றார். ஹெப்றோனில் இப்றாஹீம் நபியின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதிகள் பூண்டார்: அரசர் தரும் பொருளைத் தொடுவதில்லை, அரசரின் வாயிலை நாடுவதில்லை, வெற்றிக்காக எவருடனும் வாதிடுவதில்லை. பக்தாதிலே அவரை உயர்த்திய மூன்று படிகளும் இவையே என்பதை நோக்குமிடத்து அவ்வுறுதியின் கனம் விளங்கும். பின்னர் மக்காவுக்கும் மதீனாவுக்கும் சென்று ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றினார்.

ஒரு ரொட்டியின் வரலாறு

இத்துறவு ஆண்டுகளின் கனியே இஹ்யா உலூமித்தீன். மார்க்க அறிவுகளுக்கு உயிரூட்டல் என்பது அப்பெயரின் பொருள். பத்துப் பத்து நூல்களாக நான்கு பகுதிகள், ஆக நாற்பது நூல்களைக் கொண்டது அது. ஆறாவது நூல் நோன்பின் உட்பொருளை ஆராய்கின்றது. முப்பத்திரண்டாவது நூல் பொறுமையையும் நன்றியையும் ஒருங்கே வைத்து ஆராய்கின்றது.

நோன்புக்கு மூன்று படிகள் உண்டென்கிறார் இமாம். பசியையும் இச்சையையும் அடக்குவது பொதுமக்களின் நோன்பு. கண், காது, நா, கை, கால் அனைத்தையும் தீமையிலிருந்து காப்பது நல்லோரின் நோன்பு. இறைவனல்லாத நினைவிலிருந்து உள்ளத்தையே காப்பது அதனினும் உயர்ந்தது. பகலிலே விட்ட உணவையெல்லாம் இரவிலே சேர்த்து உண்பவரை அவர் கண்டிக்கின்றார். வேறு திங்களில் இல்லாத பண்டங்களை றமழானுக்கென்று குவித்து வைப்போர் பசியின் பயனை இழக்கின்றனர் என்பது அவர் கருத்து. ஒன்பது நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் நம் அடுக்களைகளுக்கு இக்கண்டனம் பொருந்துகின்றதன்றோ?

நன்றியறிதலை அவர் அறிவு, நிலை, செயல் என மூன்றாகப் பகுக்கின்றார். கொடை யாவும் இறைவனிடமிருந்து வருகின்றது என உணர்வது அறிவு. கொடுத்தவனை எண்ணி மகிழ்வது நிலை. இதற்கு ஓர் உவமை கூறுகின்றார். அரசன் ஒருவனுக்குக் குதிரையொன்றைப் பரிசளிக்கின்றான். குதிரை கிடைத்ததே என்று மகிழ்பவன் குதிரைக்கு உரியவன், அரசனுக்கு உரியவனல்லன். அரசன் தன்மீது கருணை கொண்டான் என்று மகிழ்பவன் ஒருபடி மேலானவன். அக்குதிரையில் ஏறி அரசனுக்குத் தொண்டு செய்து அவன் அண்மையைப் பெறலாம் என்று மகிழ்பவனே உண்மையில் நன்றியுடையவன்.

மூன்றாவதாகிய செயல் என்பது, எப்பொருள் எதற்காகப் படைக்கப்பட்டதோ அதற்காகவே அதனைப் பயன்படுத்தல். கண்ணைக் கொண்டு தீயதைக் காண்பவன் கண்ணுக்கும், அதற்கு ஒளி தரும் கதிரவனுக்கும் நன்றி மறந்தவனாகின்றான். தேவையின்றி மரக்கிளையொன்றை ஒடிப்பவனும் அவ்வாறே. பொன்னும் வெள்ளியும் மக்களிடையே சுழன்று பொருள்களின் மதிப்பை நீதியாக அளப்பதற்கெனப் படைக்கப்பட்டவை. அவற்றைப் பதுக்கி வைப்பது ஊரின் நீதிபதியைச் சிறையிலடைப்பதை ஒக்கும் என்கிறார்.

அவ்வத்தியாயத்தில் நெஞ்சை அள்ளும் பகுதி ஒரு ரொட்டியைப் பற்றியது. உண்பவன் கைக்கு அது வருமுன் மழையும் மண்ணும் காற்றும் வெயிலும் அதற்காக உழைத்திருக்கின்றன. உழவன், அரைப்பவன், சுடுபவன் மட்டுமல்லர். அவர்களுக்குக் கருவி செய்த தச்சனும் கொல்லனும் அதிற் பங்காளிகள். ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் உழைத்தாலன்றி ஒரு ரொட்டி உருப்பெறாது என்று கணக்கிடுகின்றார். ஆடை தைக்கும் சிறு ஊசியும் இருபத்தைந்து முறை கொல்லன் கையிற் புரண்ட பின்னரே ஊசியாகின்றதாம். நன்றியறிதல் எவ்வாறு சமுதாய உணர்வாக மலர்கின்றது என்பதை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது. தன் தட்டிலுள்ள உணவின் வரலாற்றை அறிந்தவன் தனித்து உண்ணத் துணியான். மாலை வேளையில் ஏழையும் செல்வனும் ஒரே பாயிலமர்ந்து நோன்பு திறக்கும் காட்சிக்கு இதுவே அடிப்படை.

மக்கள் நன்றி மறப்பதன் காரணத்தையும் அவர் ஆராய்கின்றார். எல்லோர்க்கும் பொதுவாகக் கிடைப்பதை எவரும் கொடையாக எண்ணுவதில்லை. மூச்சுத் திணறியவனே காற்றின் அருமையை அறிவான். இவ்வரிகளை எழுதியவர் வெறும் ஊகத்தால் எழுதவில்லை. உணவு இறங்காத தொண்டையையும் சொல் எழாத நாவையும் அறிந்த கை எழுதியது அது.

மீண்டும் மக்களிடையே

இறைவனை அடைந்தவர்க்கு மக்கள் எதற்கு என்று எண்ணி, மனாராவின் கதவைத் தாழிட்டவாறே அவர் இருந்திருக்கலாம். அவ்வாறு இருக்கவில்லை. நம்பிக்கை தளர்ந்த மக்களைக் கண்டு உள்ளம் வருந்தியது. நிஸாமுல் முல்க்கின் மகனும் அமைச்சருமான பக்றுல் முல்க் வற்புறுத்தவே, பதினோராண்டு இடைவெளிக்குப் பின் 1106ஆம் ஆண்டில் நைஸாபூரின் நிஸாமிய்யாவிலே மீண்டும் ஆசிரியரானார். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டு முடியும் தறுவாய் அது. ஒவ்வொரு நூற்றாண்டின் தலைப்பிலும் மார்க்கத்தைப் புதுப்பிப்போர் தோன்றுவர் என்னும் நபிமொழியும் அவரை ஊக்கியது. முன்னர்க் கற்பித்தது பெருமையைத் தேடித்தரும் கல்வி. இப்பொழுது கற்பிப்பது பெருமையைத் துறக்கச் செய்யும் கல்வி என்று தம்மிடையே நேர்ந்த மாற்றத்தை அவரே விளக்கியுள்ளார்.

தம் அகவாழ்வை அல் முன்கித் மினல் ளலால் என்னும் சிறுநூலாக எழுதியதும் இக்காலத்திலேதான். நபித்துவம் பற்றிய அவரது விளக்கம் அதிலே சிறந்து நிற்கின்றது. குழந்தைக்கு முதலிலே தொடுவுணர்வு வருகின்றது; பின்னர்ப் பார்வை; பின்னர்ப் பகுத்தறிவு. ஒவ்வொரு கண்ணும் திறக்குமுன் அதனாற் காணப்படும் உலகம் இல்லாததுபோலவே தோன்றும். பகுத்தறிவுக்கு அப்பாலும் ஒரு கண் உண்டு. நபிமார் உள்ளத்தின் மருத்துவர். மருத்துவம் ஓரளவு கற்றவன் கலீனஸ் மருத்துவர் என்பதை அறிவதுபோல, திருமறையையும் நபிமொழியையும் ஊன்றிக் கற்றவன் நபிகள் நாயகத்தின் தகைமையை அறிவான். அறிவை இகழ்ந்து அவர் இம்முடிவுக்கு வரவில்லை. அறிவின் எல்லைவரை நடந்து சென்ற பின்னரே வந்தார்.

இறுதி ஆண்டுகளில் தூஸிலே தம் வீட்டருகே மாணவர்க்கு மதறஸாவும் ஸூபிகளுக்கு உறைவிடமும் அமைத்து வாழ்ந்தார். பக்தாதின் பேராசிரியர் பதவி மீண்டும் அழைத்தபோது, ஹெப்றோனிற் செய்த உறுதியை நினைவூட்டி மறுத்தார். ஒருகாலத்தில் பேரறிஞரையெல்லாம் வாதில் வென்ற அவர், முதிர்ந்த பருவத்தில் ஹதீஸ் அறிஞர் முன்னிலையில் மாணவனாக அமர்ந்து புகாரி, முஸ்லிம் தொகுப்புகளைக் கற்றார். 1111 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை விடியலிலே ஒளுச் செய்து தொழுது, கபன் துணியைக் கொணரச் செய்து கண்களில் ஒற்றிக்கொண்டு, கிப்லாவை நோக்கிப் படுத்தவர் கதிரவன் எழுமுன் உயிர் நீத்தார் எனத் தம்பி அஹ்மத் கூறியதாக வரலாறு தெரிவிக்கின்றது.

இமாமுக்கு இறைவன் தந்த பெருங்கொடை நா. அதனைப் புகழுக்காகச் செலவிட்ட காலத்தில் அது அடங்கியது. மக்களின் நலனுக்காகத் திரும்பிய காலத்தில் அது மீண்டும் பேசியது. நன்றி என்பது கொடையை அதற்குரிய இடத்திலே செலுத்துதல் என்று அவர் ஏட்டிலே வரைந்த இலக்கணத்திற்கு அவர் வாழ்வே உதாரணமாயிற்று. கற்பிப்போரும் கற்போரும் தம் கல்வி எதற்கு என்னும் அவ்வினாவை ஒருமுறை தமக்குள் எழுப்பிக்கொள்வதற்குப் பசித்திருக்கும் இத்திங்களைவிட ஏற்ற காலம் வேறில்லை.