ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் கழித்து நோயாளி எப்படி இருக்கிறார்? இதைக் கேட்டதால் வேலையை இழந்த டாக்டர்!

தங்கள் ஆபரேஷன்களில் எத்தனை சொதப்பின, ஏன் சொதப்பின என்று எந்த ஆஸ்பத்திரியாவது தானாக முன்வந்து புத்தகம் போடுமா? 100 வருஷத்துக்கு முன்பே பாஸ்டனில் ஒருவர் போட்டார். அவர் எர்னஸ்ட் அமோரி காட்மேன்.

1869-ல் பாஸ்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் நண்பர் ஹார்வி குஷிங்குடன் ஈதர் மயக்க மருந்து கொடுக்கும் வேலை. பின்னாளில் மூளை அறுவை சிகிச்சையில் பெரிய பெயர் எடுத்த அதே குஷிங்தான். அவர் மயக்க மருந்து கொடுத்த நோயாளி ஒருவர் இறந்துபோக, இருவரும் ஆபரேஷன் நேரத்தில் நாடித்துடிப்பைச் சார்ட்டில் குறிக்கத் தொடங்கினார்கள். யார் நன்றாகக் கொடுக்கிறார்கள் என்று பெட் வேறு. தோற்றவர் டின்னர் வாங்கித் தர வேண்டும்.

மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் சர்ஜன் ஆன பிறகும் கணக்கு வைக்கும் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கார்டு. என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன சிக்கல் வந்தது, ஒரு வருஷம் கழித்து ஆள் எப்படி இருக்கிறார்? சரியாகவில்லை என்றால் ஏன்? திறமைக் குறைவா, தப்பான முடிவா, நோயைக் கண்டுபிடித்ததிலேயே பிழையா? இதற்கு அவர் வைத்த பெயர் ‘இறுதி முடிவு’ முறை.

கேட்க எளிமைதான். ஆனால் அங்கே பதவி உயர்வு சீனியாரிட்டிப்படி. யாருடைய கத்தியில் யார் பிழைத்தார்கள் என்று எழுதிவைத்தால் சீனியர்கள் சும்மா விடுவார்களா? 1914-ல் காட்மேன் ராஜினாமா செய்தார். கையோடு, தன் ரிசல்ட்தான் மற்றவர்களைவிட நன்றாக இருக்கிறது, தலைமை சர்ஜன் பதவியைத் தாருங்கள் என்று விண்ணப்பமும் போட்டார்! கிடைக்கவில்லை.

அதற்கு முன்பே, 1911-ல், சொந்தமாக ஒரு குட்டி மருத்துவமனை தொடங்கியிருந்தார். 1916 வரை டிஸ்சார்ஜ் ஆன 337 பேரின் சிகிச்சையில் 123 பிழைகள் நடந்ததாக அவரே அச்சிட்டார். பித்தநாளத்தைத் தவறுதலாகக் கட்டி ஒரு நோயாளியின் உயிர் போகக் காரணமானது தன் கைதான் என்பதும் அதில் உண்டு. தைரியம் என்றால் இதுதான்.

1915 ஜனவரியில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் ஒரு பெரிய கார்ட்டூனைத் திறந்து காட்டினார். மண்ணில் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி பொன் முட்டைகளை டாக்டர்கள் பக்கம் உதைத்துத் தள்ளுகிறது. கோழி என்பது விவரம் தெரியாமல் பணம் கட்டும் பாஸ்டன் பணக்காரர்கள். அவ்வளவுதான். சங்கத் தலைவர் பதவி போனது, ஹார்வர்டு ஆசிரியர் வேலையும் போனது. நண்பர்கள் விலகினார்கள். முதல் உலகப்போர் சமயத்தில் அவர் மருத்துவமனையும் மூடப்பட்டது.

ஆனால் ஐடியா சாகவில்லை. அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி 100 படுக்கைகளுக்கு மேல் உள்ள 692 மருத்துவமனைகளை ஆய்வு செய்தபோது குறைந்தபட்சத் தரத்தைத் தொட்டவை வெறும் 89. பெரிய பெரிய பெயர்களே தேறவில்லை. பத்திரிகைகளுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று 1919-ல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றின் உலையில் பட்டியலையே எரித்துவிட்டார்கள்! அந்தத் தர இயக்கத்தின் தொடர்ச்சியாக 1951-ல் உருவானதுதான் ஜாயின்ட் கமிஷன். சென்னையிலும் சில மருத்துவமனைகள் வாங்கியிருக்கும் ஜேசிஐ அங்கீகாரம் இதன் வாரிசு.

2008-ல் இங்கிலாந்தில் மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகம் நீக்கப்பட்ட, மறுசீரமைப்பு செய்துகொண்ட 18,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி ஒரு தேசியத் தணிக்கை தொடங்கியது. தொற்று வந்ததா, மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டதா என்று டாக்டர்களிடம் கேட்டதோடு நிற்கவில்லை. வலி எப்படி, உடை போட்டால் தோற்றம் திருப்தியா என்று 3 மாதத்திலும் 18 மாதத்திலும் பெண்களிடமே கேட்டார்கள். மறுசீரமைப்பில் தையல் பிரித்த அன்றைய நிலவரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. காட்மேன் கார்டில் ஒரு வருஷக் கட்டம் இருந்ததும் இதே காரணத்துக்குத்தான்.

அவர் 1920-ல் எலும்புப் புற்றுநோய்க்குப் பதிவேடு தொடங்கினார், 1934-ல் தோள்பட்டை பற்றித் தடிமனான புத்தகம் எழுதினார், 1940-ல் தோல் புற்றுநோயில் இறந்தார். மவுன்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயருடன் ஒரு கல் நட 2014 வரை ஆனது.