கர்தினால் தூர்னோன் ஆண்டகை



உங்கள் வீட்டுப் பெண்மணிகளின் தாலியைச் சற்றே பாருங்கள். சிலுவையோ மாதா சுரூபமோ அதில் இருக்கக் காண்பீர்கள். இந்தச் சிறு பொன் துண்டைப் பற்றிய வழக்கு ஒரு காலத்தில் உரோமாபுரி வரை சென்றதென்றால் நம்புவீர்களா? அதற்குத் தீர்ப்பு எழுதியவரே கார்லோ தூர்னோன் ஆண்டகை.

இவர் 1668-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி இத்தாலியின் தூரின் நகரில் பிரபு குடும்பமொன்றில் பிறந்தார். 1701-ல் 11-ம் கிளமெந்து பாப்பரசர் இவரை இந்தியாவுக்கும் சீனாவுக்கும் தமது பிரதிநிதியாக நியமித்து, அந்தியோக்கியா பிதாப்பிதா என்னும் பட்டமும் அளித்தார். 

அனுப்பிய காரணம் யாதெனில், 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதக சுவாமிகள், நம் நாட்டு நடை உடை பாவனைகளை ஏற்று வேதம் போதித்தார். அவருக்குப் பின் வந்த சேசு சபைக் குருக்களும் அவ்வழியே நடந்தனர். அவ்வழக்கங்களுள் எவை வெறும் நாட்டு ஆசாரம், எவை அஞ்ஞான சடங்கு என்ற சச்சரவு நூறு ஆண்டாகியும் தீரவில்லை.

தூர்னோன் ஆண்டகை 1703 நவம்பர் 6-ந் தேதி புதுச்சேரியில் இறங்கினார். இறங்கியதும் நோய் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் அங்கேயே தங்கினார். உள்நாட்டுக்கு வர இயலவில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து இராணி மங்கம்மாள் அரசாண்ட காலம் அது. நம் காவேரியையோ, மலைக்கோட்டையையோ, ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களையோ அவர் கண்ணால் கண்டதில்லை. நம் பக்கத்து ஆவூரில் கோயில் எழுப்பிய புஷே சுவாமியாரையும், மதுரை மிஷனின் பெர்த்தோல்தி சுவாமியாரையும் அழைத்து விசாரித்தார். 1704 ஜூன் 23-ந் தேதி 16 பிரிவுகள் கொண்ட கட்டளையில் கையொப்பமிட்டு, அடுத்த மாதமே கப்பலேறிவிட்டார்.

பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது; ஞானஸ்நானத்தில் உமிழ்நீர் பூசும் சடங்கை விடலாகாது; அர்ச்சியசிஷ்டர் பெயரையே சூட்டவேண்டும்; பால்ய விவாகம் ஆகாது; பெண் பூப்பெய்தியதை விழாவாகக் கொண்டாடலாகாது; கிறிஸ்தவ மேளக்காரர் அஞ்ஞானக் கோயிலில் வாசிக்கலாகாது என்று கட்டளை விரிந்தது. கிராமத்தைக் காணாமல் கிராமத்துக்குத் தீர்ப்பா என்று குருக்கள் மனம் நொந்தனர், உரோமைக்கு முறையிட்டனர். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு.

ஆனால் ஒரு பிரிவை நாம் மறக்கலாகாது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவன் நோயுற்றுக் கிடந்தால், குருவானவர் அவன் குடிசைக்கே சென்று தேவதிரவிய அநுமானங்களைக் கொடுக்கவேண்டும் என்பதே அது. அதுவரை, சாதி வழக்கத்துக்கு அஞ்சி, சாகக் கிடந்தவனைத் தூக்கி வரச் செய்தார்கள். குடிசைக்குள் நுழைந்தால் மேல்சாதியார் நம்மை நெருங்கமாட்டார்கள் என்பது குருக்களின் பயம். வீண் பயமென்று சொல்வதற்கில்லை. ஆயினும் பாயில் கிடந்த அந்த நோயாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

சீனாவில் ஆண்டகையின் கதை சோகமானது. 1705-ல் பீக்கிங்கில் காங்ஷி சக்கரவர்த்தி மரியாதையாகவே வரவேற்றார். ஆனால் முன்னோர் வணக்கத்தையும் கன்பூசியஸ் வணக்கத்தையும் தடுத்து 1707-ல் ஆண்டகை கட்டளையிடவே, சக்கரவர்த்தியின் கோபம் மூண்டது. மக்காவுக்கு அனுப்பப்பட்டு, போர்த்துக்கீசியரின் காவலில் வைக்கப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி பாப்பரசர் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். கர்தினாலுக்குரிய சிவப்புத் தொப்பி 1710 ஜனவரியில்தான் அந்தக் காவல் வீட்டை வந்தடைந்தது. அவ்வாண்டு ஜூன் 8-ந் தேதி, 41-ம் வயதில், காவலிலேயே உயிர் நீத்தார்.

1744-ல் 14-ம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் அவர் கட்டளையின் பெரும்பகுதியை உறுதி செய்தார். தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் குருக்கள் வைக்கவும் ஏற்பாடாயிற்று. குடிசைக்குக் குருவானவர் வந்தார். சாதிச் சுவரோ இடியவில்லை. இவ்வழக்கங்களைக் குறித்து வேதபோதகர்கள் செய்யவேண்டியிருந்த சத்தியப் பிரமாணம் 1940-ல் நீக்கப்பட்டது.

அன்பர்களே, நம்மைப் பாராமலே நமக்குத் தீர்ப்பு எழுதினார் என்று அவரைக் குறை கூறலாம். ஆனால் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் காணத் தவறிய நோயாளியை அவர் தம் படுக்கையிலிருந்தே கண்டார். தாலியை மாற்றியது எளிது, மாற்றிவிட்டோம். நம் பங்கில் இன்னும் எந்த வீட்டு வாசலை மிதிக்கத் தயங்குகிறோம் என்பதை இந்த வாரம் அவரவர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வோமாக.